சாயம் போன பிறகும் தண்ணீரில் இருப்பது

திருப்பூர் பக்கம் சிறிய சாயப்பட்டறை நடத்தும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "சுத்திகரித்த தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது. நிறமும் இல்லை, நாற்றமும் இல்லை. அதற்கு மேலும் இவ்வளவு செலவு செய்து உப்பைப் பிரிக்க வேண்டுமா? உப்புதானே, விஷமா?"

இந்தக் கேள்விக்காகவே அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். திருப்பூர் வழியாக ஓடும் நொய்யல் ஆறு என்றதும் நமக்குச் சிவப்பும் நீலமுமாக ஓடிய தண்ணீர்தான் நினைவுக்கு வரும். ஆனால் கரையோர வயல்களைக் கெடுத்ததில் நிறத்தைவிட உப்புக்குத்தான் பெரிய பங்கு. உப்பேறிய மண்ணில் ஈரம் இருந்தாலும் வேரால் அதை உறிஞ்ச முடியாது. சோடியம் களிமண் துகள்களைப் பிரித்துவிடுவதால் மண் இறுகி, மழைத்தண்ணீர்கூட உள்ளே இறங்காமல் நின்றுவிடும். பாசனத்துக்காக 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவின் தேக்கமாக மாறியது. ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறாது என்று காட்டினால்தான் மறுபடி திறக்கலாம் என்ற நிலை வந்தது.

சரி, சாயத்துக்குள் உப்பு எதற்கு? பருத்தி இழை தண்ணீரில் நனைந்ததும் அதன் மேல் இலேசான எதிர்மின்னூட்டம் வந்துவிடும். பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயத்தின் மூலக்கூறுக்கும் எதிர்மின்னூட்டம்தான். இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். உப்பைக் கொட்டினால் சோடியம் அயனிகள் இழையைச் சூழ்ந்து அந்த மின்னூட்டத்தை மறைத்துவிடும், சாயம் இழையை நெருங்கும். பிறகு சோடா ஆஷ் என்ற காரப்பொருளைப் போட்டதும் சாயம் இழையோடு வேதிப்பிணைப்பில் இணைந்துவிடும். அத்தோடு உப்பின் வேலை முடிந்தது. துணியில் அது தங்குவதில்லை. போட்ட உப்பு, அலசும் தண்ணீரோடு அப்படியே வெளியே வருகிறது.

இங்கேயே பட்டறைக்காரர் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. உப்பை லிட்டருக்கு இத்தனை கிராம் என்றுதான் போடுகிறோம், துணியின் எடைக்கு அல்ல. 100 கிலோ துணிக்குப் பத்து மடங்கு தண்ணீர் வைத்தால் 1,000 லிட்டர். லிட்டருக்கு 60 கிராம் வீதம் 60 கிலோ உப்பு. ஆறு மடங்கு தண்ணீரில் வேலையை முடிக்கும் சாஃப்ட் ஃப்ளோ மெஷினில் 600 லிட்டருக்கு 36 கிலோ போதும். 24 கிலோ உப்பு மிச்சம், அதைப் பிரித்தெடுக்கும் செலவும் மிச்சம். தண்ணீர் அதிகம் பிடிக்கும் பழைய வின்ச் மெஷினை மாற்றலாமா என்று யோசிப்பவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்துப் போட்டுப் பார்க்க வேண்டும்.

வெளியே வந்த தண்ணீர் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் படும் பாடு பலருக்கும் தெரிந்ததுதான். பாக்டீரியா கரிமக் கழிவைத் தின்னும், மிச்ச நிறத்தை எடுப்பார்கள், வடிகட்டி, உப்பைத் தடுக்கும் சவ்வு வழியே தண்ணீரை அழுத்திச் செலுத்தும் ஆர்.ஓ.வுக்கு அனுப்புவார்கள். பெரும்பங்கு நல்ல தண்ணீராகப் பட்டறைக்கே திரும்பும். மீதியாக நிற்பது செறிவான உப்புநீர், நம் ஊர்ப் பேச்சில் 'ரிஜெக்ட்'. இதைக் காய்ச்சி வற்றவைப்பதுதான் செலவு பிடிக்கும் இடம். ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க ஏறக்குறைய 2,257 கிலோஜூல் வெப்பம் வேண்டும். முழுக்க வற்றவைத்தாலும் கிடைப்பது சாயமிச்சம், கால்சியம், பலவகை உப்பு எல்லாம் கலந்த அழுக்குப் பொடி. திரும்பவும் சாயத்தொட்டியில் போட அது உதவாது.

இனி வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பட்டறையில் சமையல் உப்பான சோடியம் குளோரைடுக்குப் பதிலாக சோடியம் சல்ஃபேட்டும் போடலாம். 17-ஆம் நூற்றாண்டில் இதைத் தயாரித்த ஜெர்மானிய வேதியியலாளர் க்ளாபர், இதற்கு 'அற்புத உப்பு' என்று பேர் வைத்தார். அவர் அதை மருந்தாக நினைத்து அப்படிச் சொன்னார். எனக்கு அற்புதமாகத் தெரிவது அது கரையும் விதம்.

சமையல் உப்பு 100 கிராம் தண்ணீரில் 0 டிகிரியில் சுமார் 36 கிராம் கரையும். கொதிநிலையில் சுமார் 39. குளிரோ சூடோ அதற்குப் பெரிய பொருட்டில்லை. சோடியம் சல்ஃபேட் அப்படியில்லை. 32 டிகிரியில், அதாவது நம் ஊர் நிழல் வெப்பத்தில், 50 கிராம் அளவுக்குக் கரையும். 20 டிகிரியில் 20 கிராம்கூட நிற்காது. 0 டிகிரியில் வெறும் 5 கிராம்! ஆக, செறிவான கழிவுநீரைக் குளிர்வித்தால் போதும், சல்ஃபேட் தானாகப் படிகமாகி அடியில் இறங்கிவிடும். சமையல் உப்பு கரைசலிலேயே நின்றுவிடும்.

அந்தப் படிகம் தனியாகவும் வருவதில்லை. ஒரு பங்கு சோடியம் சல்ஃபேட் பத்துத் தண்ணீர் மூலக்கூறுகளைக் கூட்டிக்கொண்டு அடுக்கில் உட்காரும். படிகத்தின் எடையில் பாதிக்கு மேல், 56 சதவீதம், தண்ணீர்தான். அடுக்கு ஒரே ஒழுங்கில் வளர்வதால் வேறு வடிவமுள்ள சாய மூலக்கூறுக்கு அதில் இடம் கிடைப்பது கடினம். கறுத்த கழிவுநீரிலிருந்து வெள்ளைப் படிகம் வருவது அதனால்தான். ஒட்டியிருக்கும் நீரைக் கழுவிவிட்டால் மறுபடி சாயத்தொட்டிக்கே போகலாம்.

வெப்பக் கணக்கும் நமக்குச் சாதகம். ஒரு லிட்டரை 30 டிகிரியிலிருந்து 5 டிகிரிக்குக் கொண்டுவரச் சுமார் 105 கிலோஜூல் எடுத்தால் போதும். படிகமாகும்போது வெளிவரும் வெப்பத்தைச் சேர்த்தாலும், ஆவியாக்கும் செலவுக்கு அருகில்கூட வராது. வழக்கமாக முதலில் கொஞ்சம் ஆவியாக்கிச் செறிவாக்கிக்கொண்டு, அப்புறம்தான் குளிர்விப்பார்கள். கடைசிச் சொட்டு வரை காய்ச்ச வேண்டிய உப்புநீரின் அளவு குறைந்துவிடுகிறது.

இரண்டு விஷயங்களைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. "இந்தப் பொடியைப் போட்டால் நுண்ணுயிர் உப்பையும் தின்றுவிடும்" என்று விற்க வருபவர்களை நம்பாதீர்கள். பாக்டீரியா தின்பது தனக்கு உணவாகும் பொருளை. சோடியம் ஒரு தனிமம். அதை எந்த உயிரும் அழித்துவிட முடியாது. மழை வெள்ளத்தோடு விட்டால் கரைந்து போய்விடும் என்ற நினைப்பும் அப்படித்தான். கரைந்தது கரூர் விவசாயியின் கிணற்றில் இருக்கும்.

இன்னொன்று ஆராய்ச்சி பற்றியது. மறுபடி சாயத்தொட்டிக்கு உதவாத, இரண்டு உப்பும் கலந்த மூட்டைகள் இன்றும் கொட்டகைகளில் அடுக்கிக் கிடக்கின்றன. பருத்திக்கு முன்கூட்டியே நேர்மின்னூட்டம் கொடுத்துவிட்டால் உப்பே இல்லாமல் சாயம் ஏற்றலாம் என்பது ஆய்வகங்களுக்குத் தெரியும். நிறம் திட்டுத்திட்டாகப் படிவதும் அந்த ரசாயனத்தின் விலையும்தான் தடை. உப்பைப் பிரிக்கும் ஆலைகளுக்குச் செலவான கோடிகளில் ஒரு சிறு பங்காவது உப்பே வேண்டாத சாயமேற்றலுக்குப் போயிருக்க வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன். சிறு பட்டறைக்காரரால் அந்த ஆய்வைத் தனியாகச் செய்ய முடியாது. அரசும் பல்கலைக்கழகங்களும்தான் எடுத்துச் செய்ய வேண்டும்.

கேள்வி கேட்ட நண்பருக்கு: பட்டறையில் சல்ஃபேட் இருந்தால் 25 கிராம் எடுத்து 100 மில்லி வெதுவெதுப்பான தண்ணீரில் நன்றாகக் கரைத்து, மூடி, மேலே பேர் எழுதி ஃபிரிட்ஜில் வைத்துப் பாருங்கள். காலையிலும் தெளிவாகவே நின்றால் ஏமாந்துவிடாதீர்கள். ஈரமான சல்ஃபேட் படிகம் ஒன்றை உள்ளே போடுங்கள். அதைச் சுற்றி ஊசி ஊசியாகக் கிளம்பும்.