எம் சைஸுக்குப் பக்கத்தில் எல் சைஸ் இருக்காது

கோவையிலிருந்து அவிநாசி, பெருந்துறை வழியாகச் சேலம் போகும் நெடுஞ்சாலைப் பக்கம் தகரக்கூரை போட்ட பெரிய குடோன்களைப் பார்த்திருப்பீர்கள். ஆன்லைனில் நாம் வாங்கும் பொருள் இப்படி ஒரு கூரைக்கு அடியிலிருந்துதான் கிளம்புகிறது.

ஜவுளிக்கடையில் வேட்டி ஒரு பக்கம், சட்டை ஒரு பக்கம் என்று வகை பிரித்து அடுக்குவார்கள். பெரிய ஆன்லைன் குடோன்கள் பலவற்றில் அந்த ஒழுங்கே கிடையாது. திருப்பூர் பனியன் பாக்கெட்டை ஒட்டிக் குக்கர் கேஸ்கட் இருக்கும், அதை ஒட்டிப் பத்தாம் வகுப்பு கைடு இருக்கும். சரக்கை அடுக்குகிறவர் காலியாக இருக்கும் தட்டில் பொருளை வைத்து, அதன் பார்கோடையும் தட்டின் பார்கோடையும் ஸ்கேன் செய்துவிட்டு நகர்ந்துவிடுவார். எது எங்கே இருக்கிறது என்பது கம்ப்யூட்டருக்கு மட்டும் தெரியும்.

குப்பையாகப் போட்டதுபோல் தெரிந்தாலும் இதில் கணக்கு இருக்கிறது. ஒரே நிற டி-ஷர்ட்டில் எம் சைஸும் எல் சைஸும் கவருக்குள் மடித்திருக்கும்போது பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அவசரத்தில் கை மாறும், சரக்கு ரிட்டர்ன் வரும். கேஸ்கட்டுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு டி-ஷர்ட் இருந்தால் மாற்றி எடுக்க வழியில்லை. ஒரே பொருள் பத்து மூலைகளில் சிதறிக் கிடப்பதால், ஆள் எங்கே நின்றாலும் ஒன்று அருகில் கிடைத்துவிடும்.

அருகில் கிடைப்பது ஏன் முக்கியம் என்றால், பொருள் எடுக்கும் ஆளின் நேரத்தில் ஏறக்குறைய பாதி நடையிலேயே போய்விடுகிறது. பத்துப் பொருளை எடுக்க எந்த வரிசையில் போவது? சாத்தியமான வரிசைகள் மட்டும் 36 லட்சத்துக்கு மேல். அத்தனையையும் சோதித்துக்கொண்டிருக்காமல், போதுமான அளவுக்குக் குறுகிய ஒரு வழியைக் கம்ப்யூட்டர் சட்டென்று பிடித்து, ரேக் எண்ணை ஒவ்வொன்றாகக் கையிலுள்ள ஸ்கேனரில் காட்டும். தப்பான பொருளை ஸ்கேன் செய்தால் ஏற்காது. ஒவ்வொரு ஸ்கேனும் நொடிக்கணக்கில் பதிவாகிறது. தண்ணீர் குடிக்கப் போன இடைவெளியும் அதில் தெரியும். வழி சொல்லித்தரும் அதே கருவியை வைத்து டார்கெட்டையும் பார்க்க முடிகிறது.

வேலைவாய்ப்பு என்று பேசும்போது நாம் கவனிக்காத இடம் இதுதான். திருப்பூர் பனியன் கம்பெனியில் கைமடியாக, அதாவது டெய்லருக்கு உதவும் ஆளாகச் சேர்ந்த ஒருவர் ஓவர்லாக் தையல் மெஷின் பழகி டெய்லர் ஆகிவிட்டால், அந்தத் தொழில் அவர் கையோடு வரும். இந்தக் கம்பெனியில் கூலி கட்டுப்படியாகவில்லையா, அடுத்த கம்பெனியில் கேட்டு வாங்கலாம். பழைய மில் குடோன்காரருக்கு எந்த லாட் எங்கே என்பது மனப்பாடம். அவர் லீவு போட்டால் வேலையே தடுமாறும். ஆன்லைன் குடோனில் அந்த ஞாபகமெல்லாம் மென்பொருளிடம் இருக்கிறது. புதிதாக வருபவர் சில நாளில் வேலையைப் பிடித்துக்கொள்வார், அதனால்தான் தீபாவளி சீசனுக்குக் கூட்டமாக ஆளெடுத்து அப்புறம் குறைக்க முடிகிறது. பல வருடம் வேலை பார்த்தவருக்கும் பேரம் பேசப் பெரிதாக எதுவும் சேர்வதில்லை. வெயிலில் நிற்கும் வேலையை விட்டு வந்தவருக்கு மாதச் சம்பளமும் பிஎஃப்பும் கிடைத்தால் அது பெரிய விஷயம், மறுக்கவில்லை. ஆனால் தொழில் கற்றுக்கொள்ளும் இடமாக அது இல்லை.

அமெரிக்காவில் அமேசான் குடோன்கள் வந்த மாவட்டங்களைப் பொருளாதாரக் கொள்கை நிறுவனம் என்ற ஆய்வு அமைப்பு 2018-ல் ஆராய்ந்தது. குடோன் வேலை சுமார் 30 சதவீதம் கூடியிருந்தது. மாவட்டத்தின் மொத்த வேலைவாய்ப்போ கூடவில்லை. நம் ஊர் நிலவரம் வேறு, அந்தக் கணக்கை அப்படியே இங்கே பொருத்த முடியாது. ஆனாலும் ஒரு குடோன் வரும்போது எத்தனை பேருக்கு வேலை என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. அதில் எத்தனை பேர் ஏஜென்சி ஆட்கள், தீபாவளிக்கு எடுத்தவர்களில் எத்தனை பேர் பொங்கல் கழிந்தும் வேலையில் இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.