குரோஷே: அது நெசவு அன்று

புதுச்சேரியில் அண்மையில் நடந்த ஒரு கைவினைக் கண்காட்சியில், முத்தியால்பேட்டையில் இருக்கும் என் அத்தை குரோஷேயில், அதாவது முனையில் கொக்கியுள்ள ஊசியால் நூலைக் கண்ணி கண்ணியாக இழுத்துச் செய்யும் வேலையில், செய்த போர்வை ஒன்றும் இடம்பெற்றிருந்தது. உள்ளங்கை அகலமுள்ள வட்டங்களை மஞ்சள், கிளிப்பச்சை, கத்தரிப்பூ நிறம், செங்கல் நிறம் என்று பல நிற நூல்களில் தனித்தனியாகப் போட்டு, அவற்றை ஒன்றோடொன்று சேர்த்து உருவாக்கிய போர்வை அது. அதன்கீழே அமைப்பாளர்கள் வைத்திருந்த அட்டையில், “இணைக்கப்பட்ட வட்ட மையக்கருத்துகளைக் கொண்ட வண்ணமயமான குரோச்செட் கொக்கி நெசவுக் கம்பளம்” என்று அச்சிட்டிருந்தார்கள். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை இரண்டு முறை படித்துவிட்டு, “ஏம்ப்பா, இது வேற யாரோ செஞ்சது போலிருக்கே, என்னுது எங்க?” என்று கேட்டார்.

‘கொக்கி நெசவு’ என்ற தொடரை நான் பார்ப்பது இது முதல் முறையாக இருந்திருந்தால் சிரித்துவிட்டு வந்திருப்பேன். பயிற்சி வகுப்பு அறிவிப்புகளிலும் இதழ்களின் மகளிர் பக்கங்களிலும் தொடர்ந்து கண்ணில் பட்டு வருவதால்தான் எழுத வேண்டியதாயிற்று.

குரோஷே என்ற சொல்லின் பிறப்பைச் சொல்லச் சில வரிகள் போதும். பிரெஞ்சு மொழியில் ‘குரோ’ என்றால் கொக்கி. அதன் சிறுமைப் பெயர் ‘குரோஷே’, அதாவது சின்னக் கொக்கி. இந்தச் சொல் வட ஐரோப்பியக் கடலோடிகளின் பழைய நார்சு மொழியிலிருந்து பிரெஞ்சுக்கு வந்தது. கருவியின் பெயரே வேலைக்கும் பெயராயிற்று. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலமும் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. பிரெஞ்சில் சதுர அடைப்புக்குறிக்கும் இதே பெயர்தான், அதுவும் கொக்கி போல் வளைந்திருப்பதால். நம் வீடுகளில் குரோஷா என்றும் குரோஷே என்றும் வழங்குகிறார்கள். இரண்டில் எதன்மீதும் எனக்குக் குறையில்லை.

குறையெல்லாம் ‘குரோச்செட்’ மீதுதான். ஆங்கில எழுத்தைக் கண்ணால் படித்துத் தமிழில் எழுத்துக்கூட்டியவர்கள் உண்டாக்கிய வடிவம் அது. ஆங்கிலேயர்கூட அப்படி ஒலிப்பதில்லை. வேறு ஊரார் எழுதினால் பொறுத்துக்கொள்ளலாம். 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர் இது. பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வு பெற்றவரை இங்கே இன்றும் ‘சொல்தா’ என்றுதான் அழைக்கிறோம். அந்தப் பிரெஞ்சுச் சொல்லை எழுதும்போது இறுதியில் நிற்கும் மெய்யெழுத்தைப் பேசும்போது ஒலிப்பதில்லை என்பதைப் பள்ளிக்கூட வாசலை மிதிக்காத பாட்டிமார்கூடக் காதால் கேட்டு அறிந்திருந்தார்கள். ‘சொல்தாட்’ என்று ஒருவரும் சொன்னதில்லை. அதே இலக்கணத்துக்கு உட்பட்ட குரோஷேயின் வாலில் மட்டும் ஒரு ‘ட்’ எப்படி வந்து ஒட்டிக்கொண்டது? போதாததற்கு, ஆங்கிலத்தில் இசைக்குறி ஒன்றின் பெயர் ஏறக்குறைய இந்த ஒலியோடுதான் இருக்கிறது; அதுவும் இதே கொக்கியிலிருந்து பிறந்ததுதான் என்றாலும், அத்தையின் போர்வையில் இசைக்குறி எதுவும் கிடையாது.

இனி, நெசவுக்கு வருகிறேன். ‘கொக்கி நெசவு’ என்பதில் முதற்பாதியோடு எனக்கு வழக்கில்லை. கொக்கி நல்ல தமிழ். ஆங்கிலத்தில் இதற்குள்ள சொல்லின் ஒலி ஓரளவு ஒத்திருப்பதால் அதிலிருந்து வந்தது என்று எண்ணுவோர் உண்டு. கன்னடத்திலும் தெலுங்கிலும் இதே வேர் வளைவையும் கொக்கியையும் குறித்து வழங்குவதைப் பார்த்தால் அந்த ஐயம் தீரும். சங்கிலிக் கொக்கியும் ரவிக்கைக் கொக்கியும் நாள்தோறும் நம் கையில் புழங்குபவை. குரோஷே ஊசியின் முனையில் இருப்பதும் அதுவேயன்றி வேறில்லை.

தவறு இரண்டாம் பாதியில் இருக்கிறது. நெசவு என்றால் பாவும் ஊடும் வேண்டும். நீளவாக்கில் இழுத்துக் கட்டிய இழைகள் பாவு. அவற்றை மேலும் கீழுமாகப் பிரித்து, இடையில் நாடா என்னும் தறிக்கருவியை ஓட்டிக் குறுக்கே செலுத்தும் இழை ஊடு. இந்த இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று செங்குத்தாகக் கடக்காமல் நெய்தல் என்ற தொழில் நிகழாது. குரோஷேயில் பாவு கிடையாது, ஊடு கிடையாது, இழுத்துக் கட்டத் தறியும் கிடையாது. ஒரே நூல், ஒரே கொக்கி. நூலில் ஒரு சுருக்கு. அந்தச் சுருக்கின் வழியே நூலை இழுத்து ஒரு கண்ணி. அந்தக் கண்ணியின் வழியே இன்னொரு கண்ணி. இப்படிக் கண்ணிக்குள் கண்ணியாகவே துணி முழுவதும் வளர்கிறது. ரோடியர் மில், சவானா மில் என்று ஆலைச் சங்கை வைத்தே நேரம் அறிந்த ஊரில், முத்தியால்பேட்டைத் தெருக்களில் தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவர்கள் நடுவில், இந்த வேறுபாட்டை எடுத்துச் சொல்ல வேண்டியிருப்பது எனக்கே கூச்சமாக இருக்கிறது.

ஐயம் உள்ளவர்கள் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். கைத்தறித் துண்டு ஒன்றின் ஓரத்தில் ஓர் இழையைப் பிடித்து இழுத்தால் அந்த ஓர் இழைதான் வரும். மிஞ்சிப் போனால் துணி சுருங்கும். அத்தை ஒரே நிறத்தில் போட்டு, அளவு சரியில்லை என்று ஒதுக்கிய வட்டம் ஒன்றைக் கேட்டு வாங்கி, அதன் கடைசி முடிச்சை அவிழ்த்து நூலின் நுனியை இழுத்தேன். மூன்று சுற்றும் பொலபொலவென்று பின்னோக்கிப் பிரிந்து, நடுவில் இருந்த சிறு வளையமும் கரைந்து, கடைசியில் என் மடியில் நெளிநெளியான ஒற்றை நூல்தான் கிடந்தது. திண்ணையில் நீட்டி அளந்தேன். நான்கு மீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக இருந்தது. நெய்த எந்தத் துணியையும் இப்படி ஒற்றை நூலாக்கிவிட முடியுமா?

‘கொக்கி நெசவு’ தரப்பினர் இதற்கு இரண்டு விடைகள் வைத்திருக்கிறார்கள். நூலால் துணி உண்டாக்கும் எதையும் நெசவு எனலாம் என்பது முதல் விடை. அப்படியானால் வலையும் நெசவுதானே? வீராம்பட்டினத்திலும் தேவனாம்பட்டினத்திலும் படகு நிழலில் கால் நீட்டி உட்கார்ந்து, கால் கட்டைவிரலில் வலையை மாட்டிக்கொண்டு வேலை செய்பவரிடம் போய், “அண்ணே, வலை நெய்றீங்களா?” என்று கேட்டுப் பார்க்கலாம். அவர் பின்னுகிறார், அறுந்த இடத்தைப் பொத்துகிறார், ஒருபோதும் நெய்வதில்லை. சிலந்தியும் தமிழில் வலை பின்னுகிறதே தவிர நெய்வதில்லை. தென்னங்கீற்றை முடைகிறோம், பூவைத் தொடுக்கிறோம், மணியைக் கோக்கிறோம், பாயையும் வேட்டியையும் நெய்கிறோம், தலைமுடியைப் பின்னுகிறோம். இழையும் நாரும் கையில் என்ன பாடு படுகின்றன என்பதைப் பொறுத்து வினைச்சொல்லை மாற்றும் மொழியில், எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டுவதற்குத் துணிவு வேண்டும்.

பின்னல் என்றால் குறைந்தது மூன்று புரிகள் வேண்டும், ஒற்றை நூலுக்கு அது பொருந்தாது என்பது இரண்டாம் விடை. சடையை மட்டும் மனத்தில் கொண்டு சொல்வது இது. இந்த விடையில் சிறிது நியாயம் இருப்பதை மறுக்கவில்லை. பின்னுதலின் பழம்பொருள் புரிகள் ஒன்றன்மேல் ஒன்று மாறி விழுவதுதான். ஆனால் வலையில் அந்த எல்லையை எப்போதோ தாண்டியாயிற்று. திருப்பூர் அதை இன்னும் விரித்துவிட்டது. பனியன் துணியும் கண்ணிக்குள் கண்ணியாக அமைந்ததுதான். அதற்குப் ‘பின்னலாடை’ என்ற பெயர் நாடெங்கும் வேரூன்றிவிட்டது. இரண்டு ஊசிகளில் ஸ்வெட்டர் போடுவதையும் பின்னுதல் என்றே சொல்கிறோம். குரோஷே அதற்கு உடன்பிறப்பு. ஸ்வெட்டர் பின்னும்போது ஒரு வரிசைக் கண்ணிகள் முழுவதும் ஊசியில் உயிரோடு காத்திருக்கும். ஊசி நழுவினால் வரிசையே குலையும். குரோஷேயில் ஒவ்வொரு கண்ணியும் அவ்வப்போதே முடிக்கப்படுவதால் கொக்கியில் எஞ்சியிருப்பது பெரும்பாலும் ஒன்றே ஒன்று. உடன்பிறப்புக்குக் குடும்பப் பெயரைக் கொடுத்து, அதை வேறுபடுத்தும் கருவியை முன்னே வைத்தால் ‘கொக்கிப் பின்னல்’ கிடைக்கிறது. இதைப் புதிதாக ஆக்க வேண்டிய தேவையும் இல்லை. பலர் ஏற்கெனவே சொல்லி வருவதுதான்.

‘ஒற்றையூசிப் பின்னல்’ என்றும் ‘வளையூசிப் பின்னல்’ என்றும் எழுதுவோரும் உண்டு. முன்னது தவறன்று, ஆனால் காதுள்ள சாதாரண ஊசி ஒன்றை மட்டும் வைத்துக் கண்ணி போடும் பழைய முறை வேறு இருக்கிறது. பின்னது, மருத்துவர் தையல் போடும் வளைந்த ஊசியை நினைவூட்டுகிறது. குரோஷே ஊசியின் உடல் நேரானது, முனைதான் கொக்கி.

‘லேஸ் வேலை’ என்பதையும் இங்கே ஒதுக்கிவைக்க வேண்டும். நாகர்கோவிலிலும் இடையன்குடியிலும் மறைப்பணியாளர் மனைவியர் பரப்பிய லேஸ், திண்டின்மேல் குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய பல சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுச் செய்வது. இடையன்குடியில் அதைக் கற்பித்தவர் எலைசா கால்டுவெல். கணவர் 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டு வேர்ச்சொற்களை ஆராய்ந்துகொண்டிருக்க, மனைவி நூலைப் பிரித்து மாற்றிக்கொண்டிருந்தார். ஆந்திரத்து நரசாப்பூரில் செய்வதுதான் கொக்கியால் ஆன லேஸ். ஆக, லேஸ் என்பது துணியின் தோற்றத்துக்குப் பெயர், செய்முறைக்குப் பெயராகாது.

அட்டையில் இன்னும் இரண்டு சொற்கள் மிச்சம். கம்பளம் தரையில் விரிப்பது, போர்த்திக்கொள்வது போர்வை. அத்தையின் போர்வையை யாராவது மிதித்தால் என்ன நடக்கும் என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும்.

மற்றது ‘மையக்கருத்து’. இதை எழுதியவர் மனிதராக இருக்க மாட்டார், ஏதோ மொழிபெயர்ப்புச் செயலியாகத்தான் இருக்கும் என்று நம்பவே விரும்புகிறேன். ஆங்கிலம் பிரெஞ்சிலிருந்து வாங்கிய ‘மோட்டிஃப்’ என்ற சொல், கதையிலும் இசையிலும் திரும்பத் திரும்ப வரும் கருத்தைக் குறிக்கும். துணியில் திரும்பத் திரும்ப வரும் உருவையும் குறிக்கும். அகராதியில் முதலில் நின்ற பொருளைப் பிடுங்கிப் போர்வையில் ஒட்டினால் வட்ட வடிவில் கருத்து வந்து உட்கார்ந்துகொள்கிறது. இதே கைகள்தான் ‘கிரானி ஸ்கொயர்’ என்னும் சதுரத் துண்டைப் ‘பாட்டிச் சதுரம்’ என்று எழுதுகின்றன. பட்டுப் புடவையில் இருப்பதைப் புட்டா என்கிறோம். ஆனால் புட்டா துணியோடு சேர்ந்தே வருவது. இங்கே வட்டம் தனியே பிறந்து, பிறகு மற்றவற்றோடு சேர்வது.

அதற்கு என் பரிந்துரை ‘வில்லை’. தட்டையான, வட்டமான, தனித்து நிற்கும் சிறு பொருளுக்குத் தமிழில் வேறு சொல் தேட வேண்டியதில்லை. கற்பூர வில்லை வீட்டுக்கு வீடு இருக்கிறது. அதைவிடப் பொருத்தமாக, பின்னலின்மேல் வைக்கும் சடைவில்லை இருக்கிறது. அத்தை ஒரு வில்லை போடுவதை அருகிலிருந்து பார்த்தேன். நான்கைந்து செயின் போட்டு வளையமாக்குகிறார். முதல் சுற்றில் டிரபிள் என்னும் கண்ணிகள் 12, அடுத்ததில் 24, அதற்கடுத்ததில் 36. சுற்றுக்குப் பன்னிரண்டு கூட்டினால்தான் வில்லை தட்டையாகக் கிடக்கும். குறைந்தால் கிண்ணமாகக் குழியும், மிகுந்தால் ஓரம் அப்பளம் போல் நெளியும். கடைசிச் சுற்றைப் போடும்போதே கொக்கியைப் பக்கத்து வில்லையின் கண்ணிக்குள் விட்டு நூலை இழுத்து இணைத்துவிடுகிறார். ஒரு வில்லையைச் சுற்றி அதே அளவுள்ள ஆறு வில்லைகள் சரியாக அடங்குகின்றன. மும்மூன்று வில்லைகள் சந்திக்கும் இடத்தில் முக்கோண இடைவெளி விழுகிறது, அதில் ஒரு சின்னப் பூ. ‘இணைத்த வட்ட மையக்கருத்துகள்’ என்று வாசித்த ஒருவராவது இதைக் கற்பனை செய்திருக்க முடியுமா? ‘வில்லை கோத்த கொக்கிப் பின்னல் போர்வை’ என்றால் போதும்.

கண்ணிகளின் பெயர்களில்தான் இன்னும் முடிவுக்கு வர முடியவில்லை. அத்தை டிரபிள் என்று சொல்வது பிரிட்டிஷ் வழக்கு. அதே கண்ணியை அமெரிக்கப் புத்தகங்கள் டபுள் என்கின்றன. அவர்கள் சிங்கிள் என்பதைப் பிரிட்டிஷார் டபுள் என்கிறார்கள். எந்த நாட்டுக் குறிப்பு என்று பாராமல் ‘இரட்டைக் கண்ணி’ என்று பெயர்த்துவிட்டால், பார்த்துச் செய்பவரின் போர்வை உயரம் குறைந்தோ கூடியோதான் வரும். கொக்கியில் முதலில் நூலை எத்தனை முறை சுற்றுகிறோம் என்பதை எண்ணி, சுற்றாக் கண்ணி, ஒருசுற்றுக் கண்ணி, இருசுற்றுக் கண்ணி எனலாம் என்று அத்தையிடம் சொன்னேன். “செயினுக்கு?” என்றார். “சங்கிலி” என்றேன். “அது பரவாயில்ல. மத்ததெல்லாம் நாக்குல பின்னுது” என்றார்.

கண்காட்சி அமைப்பாளரிடம் பணிவாகத்தான் எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டு, குறித்துக்கொண்டு, மறுநாளே புதிய அட்டை அடித்து வைத்தார்: “வில்லைகள் கோத்த கொக்கிப் பின்னல் நெசவுப் போர்வை.” அத்தை ஒன்றும் பேசவில்லை. பையிலிருந்து கத்தரிப்பூ நிற வில்லை ஒன்றை எடுத்து, அட்டையில் ‘நெசவு’ இருந்த இடத்தின்மேல் குண்டூசியால் குத்திவைத்தார்.