உப்ப விடுறதுக்கு முன்னாடி மாத்திரை பேர சொல்லுங்க

மலேசியாவுல சுங்கை சிப்புட்ல ஆயுர்வேதம் பாக்குறேன். வர்றவங்க நெறைய பேரு தோட்டத்து ஆளுங்க, முட்டி வலின்னு உக்காருவாங்க, பத்து நிமிசம் பேசுனா "தூக்கமே இல்ல டாக்டர்"னு மெதுவா ஆரம்பிப்பாங்க.

போன தைப்பூசத்துக்கு முன்னாடி செம்பனைக் குலை வெட்டுற ஒரு அண்ணன அவரு சம்சாரம் கூட்டிட்டு வந்தாங்க. பைபோலாருக்கு, அதாவது மனசு ஒரேடியா ஏறி எறங்குற நோய்க்கு, ரொம்ப வருசமா லித்தியம் மாத்திரை சாப்புடுறாரு. விரதம்னு ஒரு வேள சாப்பாடு, அதோட வாட்ஸ்அப்ல வந்த சாத்வீக டயட்ட பாத்துட்டு உப்பையும் சுத்தமா நிறுத்திட்டாரு. கை நடுங்குது, வயித்தால போவுது, நடந்தா தள்ளாடுது. "கெட்டதெல்லாம் வெளியாவுதுன்னு போட்டிருந்துச்சு டாக்டர்"ங்குறாங்க அக்கா. எனக்கு பகீர்னுச்சு. மருந்தே கொடுக்கல, நேரா எமர்ஜென்சிக்கு அனுப்புனேன், அங்க பாத்தா ரத்தத்துல லித்தியம் ஏறிக் கெடக்கு.

ஒடம்புல உப்பும் தண்ணியும் கொறஞ்சா கிட்னி சோடியத்த வெளிய விடாம புடிச்சு வைக்கும், கூடவே லித்தியத்தையும் புடிச்சுக்கும், அவ்ளோதான் விசயம். வெயில்ல வேல செய்றவருக்கு வேர்வையிலயே உப்பு போவுது, இதுல பட்டினி வேற.

ஆயுர்வேதத்தோட பழைய நூல் சரக சம்ஹிதை, ரஜஸ் (படபடப்பு), தமஸ் (மந்தம்) ரெண்டையும் மனசோட தோஷம்னு சொல்லுது, உண்மைதான். ஆனா வைத்தியத்த மூணா பிரிக்குது: தெய்வ வழி, மருந்தும் பத்தியமும் சேந்த யுக்தி வழி, மனச பழக்குற சத்வாவஜயம். வாட்ஸ்அப்காரங்க பத்தியத்த மட்டும் பிச்சு எடுத்துட்டு மிச்சத்த விட்டுட்டாங்க.

தூக்கம் இல்லன்னு வர்றவங்கள நான் மொதல்ல மாத்தச் சொல்றது சாப்பாட்டு நேரத்த. வெறும் வயித்துல கோப்பி ஓ (பால் இல்லாத காப்பி), ராத்திரி 11 மணிக்கு சோறு, அப்பறம் எப்புடி தூக்கம் வரும்? ஏழரைக்குள்ள பாசிப்பருப்புக் கஞ்சி, கொஞ்சம் நெய், சூடா. வல்லாரையும் நல்லது, பாசார்ல (சந்தையில) மலாய்க்கார மக்சிக்குங்க பெகாகான்னு கட்டு கட்டா விக்கிறாங்களே அதான், தொவையல் அரைங்க. அமுக்கராவ (அஸ்வகந்தா) மட்டும் டாக்டர்ட்ட கேக்காம தொடாதீங்க, தைராய்டு உள்ளவங்க, தூக்க மாத்திரை போடுறவங்க முக்கியமா. அத சாப்புட்டு ஈரல் கெட்ட கேசும் இருக்கு. எந்த மருந்து டப்பா வாங்குனாலும் எம்ஏஎல் (MAL) நம்பர், அதாவது மலேசிய அரசாங்கத்துல பதிவு பண்ணுன நம்பர், இருக்கணும், பாரம்பரிய மருந்துன்னா கடைசில டி (T) எழுத்து வரும்.

மனசு ரொம்ப பாரமா இருந்தா எங்கிட்ட அப்பாயின்மென்ட்டுக்கு காத்திருக்காதீங்க, மனநல உதவிக்கு இருக்குற ஹீல் லைன் 15555க்கு அடிங்க.

அண்ணன் இப்ப தேறிட்டாரு. அடுத்த வருசம் விரதம் இருக்கலாமான்னு கேட்டாரு. கறிய விடுங்கண்ணே, மிச்சத்த மாத்திரை எழுதுற டாக்டர்ட்ட கேளுங்க, உப்புலயும் தண்ணியிலயும் மட்டும் நீங்களா கை வைக்காதீங்கன்னேன். அக்கா மொறைச்ச மொறையில தலைய ஆட்டுனாரு.