வரைகலைப் புதினமா, சித்திரக்கதையா?

ஆர்ட் ஸ்பீகல்மன் சித்திரங்களால் சொன்ன 'மௌஸ்' நூலைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள், 'கிராஃபிக் நாவல்' என்பதைத் தமிழாக்கி, அதை 'வரைகலைப் புதினம்' என்று அழைப்பதை மறுபடி மறுபடி பார்க்கிறேன். இது தவறான பெயர்.

'கிராஃபிக் நாவல்' என்ற பெயர் 1964இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் கைல் எழுதிய கட்டுரையில் வந்தது. 1978இல் காமிக்ஸ் ஓவியர் வில் ஐஸ்னர் தன் நூலின் அட்டையில் போட்டுக்கொண்ட பிறகு பரவியது. 'கிராஃபிக்'கின் வேர் கிரேக்க வினை. எழுதுவதையும் வரைவதையும் ஒருசேரக் குறிக்கும். நம் 'எழுது'வும் அப்படித்தான், கண்ணுக்கு மை எழுதுகிறோமே. 'நாவல்' என்றால் புதியது. அதைப் பார்த்துச் செய்ததுதான் புதினம். சரி, வேர் போதும்.

'வரைகலை' என்றதும் கணினியும் விளம்பர வடிவமைப்பும்தான் நினைவுக்கு வருகின்றன. ஆர்ட் ஸ்பீகல்மன் 'மௌஸ்' வரைந்தது மைப்பேனாவால். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம், 'புதினம்' என்பதைப் பொறுக்க முடியவில்லை. ஔஷ்விட்ஸ் என்ற நாஜி வதைமுகாமிலிருந்து உயிர்பிழைத்த போலந்து யூதர் விளாதெக். அவரைப் பேசவைத்து, ஒலிநாடாவில் பதிவுசெய்து, மகன் ஸ்பீகல்மன் வரைந்த குடும்ப வரலாறு இது. யூதர்கள் எலிகளாகவும் நாஜிகள் பூனைகளாகவும் வருவதால் அது கற்பனை ஆகிவிடாது. போர்க்காலத்தில் இறந்துபோன அண்ணன் ரிஷ்யூவின் நிஜப் புகைப்படமே இரண்டாம் பாகத்தில் இருக்கிறது. 1991இல் நியூயார்க் டைம்ஸ் இந்த நூலை அதிகம் விற்கும் நூல்களின் புனைவுப் பட்டியலில் சேர்த்தபோது ஸ்பீகல்மன் ஆட்சேபித்துக் கடிதம் எழுதினார், அபுனைவுக்கு மாற்றினார்கள். அவர் கேட்டு வாங்கிய அந்தத் திருத்தத்தை நாம் ஒரே சொல்லில் அழிக்கிறோம். யூத இனப்படுகொலை நடக்கவே இல்லை என்று சாதிக்கிறவர்கள் இன்னும் இருக்கும்போது இது சின்னப் பிழை அல்ல. 1944இல் புடாபெஸ்ட்டிலிருந்து தன்னைத் தூக்கிக்கொண்டு தப்பிய தாயைப் பற்றி மிரியம் காட்டின் வரைந்த நூலையும் புதினம் என்பீர்களா? யாழ்ப்பாணத்தில் புதினம் என்றால் செய்தி. அங்குள்ள வாசகருக்கு இந்தப் பெயர் இன்னும் குழப்பம்.

என் தேர்வு 'சித்திரக்கதை'. சிறுவர் சமாச்சாரம் போல ஒலிக்கிறதே என்பார்கள். ஸ்பீகல்மனே தன் கலையைக் காமிக்ஸ் என்றுதான் சொல்லிவந்தார், கூச்சப்படவில்லை. கதை என்றாலும் கற்பனைதானே என்று அடுத்த கேள்வி வரும். 'அவள் தன் கதையைச் சொல்லி அழுதாள்' என்றால் யாரும் அதைப் பொய்யாக எடுத்துக்கொள்வதில்லை. கதையை விட்டால்தான் பொய், சொன்னால் இல்லை.

ஆங்கிலத்தில் இரண்டு சொல் இருந்தால் தமிழிலும் இரண்டு சொல் வேண்டும், அகராதியில் முதலில் கிடைப்பதைப் போட்டால் போதும் என்று நம் மொழிபெயர்ப்பாளர்கள் நினைக்கிறார்கள். நூலைத் திறந்து பார்த்துவிட்டுப் பெயர் வைக்கலாமே. சித்திரக்கதை பிடிக்காதவர்கள், காமிக்ஸ் வாசகர்கள் சொல்வதுபோல 'கிராஃபிக் நாவல்' என்றே எழுதட்டும். அப்புறம் அட்டையில் 'உண்மை வரலாறு' என்று ஒரு வரி சேர்க்கட்டும்.