சிவப்பா நெளியுதுன்னா நல்ல புழுன்னு அர்த்தம் இல்ல

கும்பகோணத்துல எங்கிட்ட வைத்தியத்துக்கு ஆடு மாடுதான் அதிகம் வரும், இப்ப கொஞ்ச நாளா மீனும் வருது. போன மாசம் பாபநாசம் பக்கத்துலேர்ந்து ஒரு தம்பி ஊறுகா பாட்டில்ல ஃபைட்டர் மீன் கொண்டுவந்தாரு, வயிறு உப்பி செதிலெல்லாம் பலாப்பழ முள்ளு மாதிரி தூக்கிட்டு நிக்குது. என்ன தீனி போடுறீங்கன்னேன். "பெல்லட்டே (உருண்டைத் தீனி) கிடையாது சார், மூணு வேளையும் உயிர்ப் புழு." எந்தக் கடைலன்னு கேட்டா, கடை இல்லையாம், தெருவோரச் சாக்கடைல அவரே வலை போட்டு அள்ளினதாம்! அந்த மீனு பொழைக்கல. செதில் தூக்குற அளவுக்குப் போயிட்டா பெரும்பாலும் அப்படித்தான்.

அவரு அள்ளினது டுபிஃபெக்ஸ்ங்கிற சிவப்புப் புழு. அதோட சிவப்பு நிறமே ஹீமோகுளோபின்தான், அதனாலதான் ஆக்ஸிஜன் இல்லாத சாக்கடைச் சேத்துலயும் தலைய உள்ள புதைச்சுகிட்டு வால ஆட்டிகிட்டு உயிரோட இருக்கு. சேத்தத் தின்னே வளருது, கிருமியும் கழிவும் அது வயித்துக்குள்ளயே இருக்கு, மேல எத்தன தடவ அலசினாலும் உள்ள இருக்கிறது போகாது. கடைல வாங்கினாலும் அன்னிக்கே போடாதீங்க. அகலமான தட்டுல கொஞ்சமா தண்ணி ஊத்தி, ரெண்டு மூணு நாளு பட்டினி போட்டு, காலை சாயங்காலம் தண்ணிய மாத்துங்க (குளோரின் போட்ட குழாத்தண்ணி வேணாம், செத்துரும்). உயிரோட இருக்கிறது பந்து மாதிரி சேந்துக்கும், வெளுத்துப் போயி தனியா கிடக்குறது செத்தது, அத எடுத்துக் கொட்டிருங்க, மொத்தமா நாறுச்சுன்னா எல்லாத்தையும். இவ்வளவு செஞ்சாலும் கிருமி முழுசா போயிராது, அதனால நான் யாருக்கும் டுபிஃபெக்ஸ் சொல்றதில்ல.

மண்புழு இதவிடத் தேவலாம், ஆனா நம்ம ஊர்ல வயல் வரப்புல தோண்டாதீங்க. குறுவைக்கும் சம்பாவுக்கும் குருணை மருந்து போட்ட மண்ணு அது. மண்புழு உரக் குழில இருக்குற சின்ன சிவப்புப் புழுவ சீண்டினா மஞ்சளா ஒரு திரவம் விடும், நெறைய மீனு கவ்விட்டு அப்படியே துப்பிரும். மருந்தடிக்காத கொல்லைல எடுத்து, ஒரு நாளு ஈரத்துணில வெச்சு மண்ணக் கக்க விட்டு, அலசி நறுக்கிப் போடுங்க.

ப்ளட் வார்ம்னு மீன் தீனியா விக்கிற சிவப்புப் புழு, புழுவே இல்ல, கொசு மாதிரி இருக்குற ஒரு கடிக்காத பூச்சியோட லார்வா. காஞ்சது டப்பாவத் திறந்தாலே எனக்கு அடுக்குத் தும்மல், கண்ணு எரிச்சல். சிலருக்கு மூச்சுத்திணறலே வரும், ஆஸ்துமா இருக்குற வீட்ல இதத் தொடவே வேணாம். ஃப்ரோசன் வாங்கினா ஒரு கட்டிய கிண்ணத்துல கரைச்சு அந்த சிவப்புத் தண்ணிய வடிச்சிட்டுப் போடுங்க, கரைஞ்சத மறுபடி ஃப்ரீசர்ல வெக்காதீங்க. வாரத்துக்கு ரெண்டு தடவ, மூணு நிமிஷத்துல தின்னு முடிக்கிற அளவு, போதும்.

கைல வெட்டுக்காயம் இருந்தா க்ளவுஸ் போடாம தொட்டிக்குள்ள கை விடாதீங்க. மைக்கோபாக்டீரியம் மரினம்னு ஒரு கிருமி, காயம் வழியா ஏறி வாரக்கணக்குல கழிச்சு விரல்ல ஆறாத கட்டியா வரும், மாசக்கணக்குல மாத்திரை சாப்பிடணும். தோல் டாக்டர்கிட்ட போனா மீன் தொட்டி இருக்குன்னு நீங்களா சொல்லுங்க, அவங்களுக்கு அது தோணாமப் போகலாம்.

அப்புறம் ஃப்ரீசர்ல வெக்கிற டப்பா மேல பெருசா "மீன் தீனி"ன்னு எழுதி ஒட்டிருங்க. எங்க வீட்ல மாமியார் அத பீட்ரூட்னு நெனச்சு எடுத்து, வாணலி வரைக்கும் போயிருச்சு.