தவணையில் தொகுதி வாங்கும் ஆயர்களே, கொஞ்சம் பொறுங்கள்

சென்ற வாரம் ஓர் இளம் ஆயர் எங்கள் இறையியல் கல்லூரி நூலகத்துக்கு அட்டைப்பெட்டியைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். உள்ளே, பழைய கால ஆங்கிலேயப் போதகர் மத்தேயு ஹென்றியின் ஆங்கில வேதாகம விளக்கவுரை, ஆறு தொகுதிகள். இன்னும் மூன்று தவணை பாக்கி, பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டும், நூலகம் விலைக்கு எடுத்துக்கொள்ளுமா என்று கேட்டார். நான்காம் தொகுதியைத் திறந்தேன். பக்க ஓரத்துத் தங்கப் பூச்சு பிரியாமல் ஒட்டிக்கிடந்தது. விரலால் நீவியபோது படபடவென்று விட்டது. இந்த ஆண்டில் இப்படி வந்தவர்களில் இவர் ஐந்தாவது ஆள்.

"ஒரே தடவையில் வேதாகமம் முழுவதற்கும் விளக்கம் கிடைத்துவிடுகிறதே ஐயா" என்கிறார்கள். கிடைப்பதில்லை. ஹென்றி 1714இல் காலமானார். அப்போஸ்தலர் நடபடிகள் வரைதான் அவர் எழுதி முடித்தது. ரோமர் முதல் வெளிப்படுத்தின விசேஷம் வரை வேறு போதகர்கள் எழுதி நிறைவுசெய்தார்கள். "ரோமர் நிருபத்தில் மத்தேயு ஹென்றி சொல்கிறார்" என்று பிரசங்க பீடத்திலிருந்து கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் வலிக்கிறது. பக்தி நூலாக அதைப் படியுங்கள், நானும் படிக்கிறேன். ஆனால் ஏசாயாவின் மூலபாடத்தைப் பற்றி அதனிடம் கேட்காதீர்கள். சாக்கடல் அருகே கும்ரான் குகையிலிருந்து பழங்கால ஏசாயா சுருள் வெளிவரத் தொடங்கிய ஆண்டு 1947. அதுவரை அறிஞர்கள் கையில் இருந்த முழு எபிரெயப் படிகளைவிட அது ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு பழையது. 1714இல் மறைந்தவருக்கு அது எப்படித் தெரியும்? போகட்டும், பதிப்புரிமை இல்லாத அந்த நூல் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதற்குத் தவணை எதற்கு?

வேதாகமச் சொற்களுக்குப் பின்னால் உள்ள எபிரெய, கிரேக்கச் சொற்களுக்கு எண் கொடுத்துப் பொருள் தரும் ஸ்ட்ராங்கின் ஒத்தவாக்கிய அகராதியும் (1890) இப்படித்தான். எண்ணைத் தேடிப் பிடித்து, எதிரே உள்ள பொருள்களில் பிடித்ததை எடுத்துக்கொண்டு "மூலபாஷையில் இதுதான் அர்த்தம்" என்று முழங்காதீர்கள். அந்தச் சொல் அந்த வசனத்தில் என்ன பொருள் தருகிறது என்பதை அந்த வசனம்தான் சொல்லும்.

முதலில் வாங்க வேண்டியவை கொஞ்சமே. நாம் பீடத்தில் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்போடு 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பையும் மேசையில் வையுங்கள். இரண்டும் வேறுபடும் இடத்தில்தான் உங்கள் படிப்பு தொடங்குகிறது. ஒரு நல்ல வேதாகம அகராதி, ஒரு திருச்சபை வரலாறு. பிறகு அடுத்த மூன்று மாதம் வேதாகமத்தின் எந்தப் புத்தகத்தைப் பிரசங்கிக்கப் போகிறீர்களோ அதற்கு மட்டும் ஒரு விளக்கவுரை. அதை முடித்துவிட்டு அடுத்தது. பாளையங்கோட்டையில் பிறந்து, பக்தி மார்க்கத்தின் வழியே யோவான் நற்செய்தியைப் படித்த இறையியலாளர் ஏ. ஜே. அப்பாசாமியின் நூல்களை நம் ஆயர்களின் அலமாரிகளில் அபூர்வமாகத்தான் பார்க்கிறேன். தமிழ் இறையியல் நூல்களைக் கண்டவுடன் வாங்குங்கள். தீர்ந்துபோனால் மறுபதிப்புக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

வாங்கியதைப் பிளாஸ்டிக் உறையில் கட்டிப் பூட்டாதீர்கள். ஈரம் உள்ளேயே தங்கிப் பூஞ்சை பிடிக்கும். அலமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளிப் போடுங்கள். கரையான் பெரும்பாலும் சுவர் வழியாக ஏறும்.

சபையாரே, உங்களுக்கும் ஒரு விண்ணப்பம். அபிஷேக ஆராதனைக்குப் பரிசாகத் தொகுதி வாங்கப் பணம் திரட்டுகிறீர்கள். அந்தப் பணத்தை உறையில் போட்டு அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். எந்தப் புத்தகம் தேவை என்று அவருக்கு ஆறு மாதத்தில் தெரிந்துவிடும்.