பனியில்லாத மலையும் நனைந்த பெனியனும்

சித்திரை விடுமுறை முடிந்த வாரத்தில் என் சிகிச்சை அறைக்கு வருபவர்கள் கதிரையில் அமரும் விதத்தைப் பார்த்தே நோயைச் சொல்லிவிடுவேன். இரண்டு கைகளாலும் பிடியைப் பற்றிக்கொண்டு, முகத்தைச் சுளித்து, அங்குலம் அங்குலமாக இறங்குவார்கள். "சிவனொளிபாதமலையா?" என்று கேட்டால் வெட்கச் சிரிப்பு ஒன்று வரும்.

நான் வன்னியில் வேலை செய்யும் இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்). எங்கள் நிலம் தட்டை. கிளிநொச்சிப் பிள்ளைக்குத் தெரிந்த பெரிய ஏற்றம் இரணைமடுக் குளக்கட்டுத்தான். அந்தக் கால்களோடு இரவோடிரவாக வான் வண்டியில் மலையடிவாரத்து நல்லதண்ணிக்குப் போய், நித்திரையும் இல்லாமல் 5,000க்கும் மேற்பட்ட படிகளில் ஏறுகிறோம்.

போன வருடம் வந்த குடும்பத்தை மறக்க முடியாது. அவர்களின் அனுமதியோடு, அடையாளம் தெரியாதபடி சொல்கிறேன். சுவிஸிலிருந்து வந்திருந்த பெரியப்பா, "வசந்த காலத்தில் பனிமலையே ஏறுகிறவர்கள் நாங்கள், இதென்ன மலை?" என்றாராம். 2,243 மீற்றர் என்பது அந்த நாட்டுக் கணக்கில் சிறியதுதான். ஆனால் அங்கே பனி கண்ணுக்குத் தெரிகிறது. பயந்து, மாற்றுடுப்போடு போகிறார்கள். இறங்கும்போது இளகிய பனியில் கால் புதைந்து அதிர்வும் குறையும். இங்கே கல்லும் சீமெந்தும். அதிர்வை வாங்குவது முழங்கால்.

குளிரும் அப்படித்தான் ஏமாற்றும். 1,000 மீற்றர் ஏற ஏறத்தாழ 6.5 பாகை குறையும். விடியப்புறம் கிளிநொச்சியில் 26 பாகை என்றால், உச்சியில் 11, 12 என்று வைத்துக்கொள்ளுங்கள், காற்று வேறு. வியர்த்து நனைந்த பருத்திப் பெனியனோடு சூரிய உதயத்துக்காக ஒரு மணி நேரம் குந்தியிருந்தால் உடம்புச் சூடு இறங்கிவிடும். சிறுவர்களுக்கு இன்னும் வேகமாக. நடுங்கிய பிள்ளை பேச்சுக் குழறி, சோர்ந்து சாய்ந்தால் "களைப்பில் தூங்குகிறான்" என்று விட்டுவிடாதீர்கள். ஈரத்தைக் களைந்து, உலர்ந்த உடுப்புப் போட்டு, போர்த்தி, விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் இனிப்பான சூட்டுத் தேநீர் கொடுத்து, உடனே உதவி தேடிக் கீழே கொண்டுவர வேண்டும். ஆளுக்கொரு உலர்ந்த பெனியனைச் சொப்பிங் பையில் சுற்றி வைத்திருந்தால் பெரும்பாலும் இந்த நிலையே வராது.

ஏறுவதைவிட இறங்குவதே தசையை அதிகம் பழுதாக்கும். கிணற்றில் வாளியை இழுப்பது ஒன்று. நிறைந்த வாளியைக் கயிறு நழுவாமல் மெல்ல மெல்ல உள்ளே விடுவது வேறொன்று. ஒவ்வொரு படியிலும் தொடைத் தசை நீண்டுகொண்டே அந்தப் பாரத்தைத் தாங்குகிறது. நோ இரண்டாம், மூன்றாம் நாளில்தான் உச்சத்துக்கு வரும். அது தானாக ஆறும். சிறுநீர் சாயத் தேநீர் நிறத்தில் போனால் மட்டும் நோ மாத்திரை விழுங்காமல் அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள்.

அந்தக் குடும்பத்தின் தகப்பனுக்கு முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால். போர் நடந்த வன்னியில் இதை விளக்கத் தேவையில்லை. ஏறும்போது எல்லோருக்கும் முன்னால் போயிருக்கிறார். இறங்கும்போது வியர்வையில், வெட்டிய காலின் முனை செயற்கைக் காலின் குழிக்குள் வழுக்கி, எலும்பு நுனி அடிக்கடி மோதியிருக்கிறது. மற்றவர்களைத் தாமதப்படுத்தக் கூடாதென்று வாய் திறக்கவில்லை. என்னிடம் வந்தபோது காலுறையில் இரத்தம் காய்ந்திருந்தது. அவரைவிட வீட்டாரிடம்தான் எனக்குக் கோபம்: மணிக்கொரு தடவை அவரை இருத்தி, காலைக் கழற்றித் துடைத்து, உலர்ந்த உறை மாற்றப் பத்து நிமிடம் ஒதுக்கியிருக்கலாம். கழற்றிய பின்னும் சிவப்பு மறையாவிட்டால் அதற்கு மேல் நடக்கக் கூடாது. படியேறும்போது நல்ல கால் முதலில்; இறங்கும்போது செயற்கைக் கால் முதலில். சலரோகமும் (நீரிழிவு) இருந்தால் நோவே தெரியாமல் புண் வரும் என்பதால், கண்ணால் பார்த்தே ஆக வேண்டும்.

பயிற்சிக்கு ஜிம் வேண்டாம். போவதற்கு நான்கு வாரம் முன்பே, கிழமைக்கு இரண்டு மாலை குளக்கட்டில் ஏறி இறங்குங்கள், இறங்குவதை எண்ணிக்கொள்ளுங்கள். தசை ஒரு தடவை பட்ட பாட்டை நினைவில் வைத்துக்கொள்ளும், அடுத்த முறை அவ்வளவு நோகாது. இன்னொன்று, வான் ஓட்டுபவரை மலையேற்றாதீர்கள். அவர் கீழே தூங்கட்டும்.

போன கிழமை அந்தத் தகப்பன் புதிய குழிக்கு அளவு கொடுக்க வந்தார். "வெசாக்கோடு பருவம் முடிந்துவிடும், அதற்குள் ஒருக்கால் போகலாமா?" என்று கேட்டார். ஆறிய தோல் இன்னும் மெல்லியதாகத்தான் இருந்தது. மார்கழியில் பார்ப்போம் என்றேன். முகம் சுருங்கிவிட்டது. பிறகு, குளக்கட்டில் எந்தப் பக்கம் சரிவு குறைவு என்று விசாரித்தார்.